கயிறில்லாத நாய்

இல்ல ஆல்டர்சன் ஐயா, நீங்க பேசி முடிச்சாச்சு, நானும் வாயத் தொறக்காம கேட்டாச்சு. இப்ப என் முறை. அந்த வண்டிய மொதல்ல அணைங்க. அது போடுற சத்தத்துக்கு மேல நான் கத்தணும், கத்துனா காலேஜுக்குப் போன திமிருன்னு ஊர் பூரா சொல்லுவீங்க. ஆங், அப்பிடி. செவுத்துக்கு இந்தப் பக்கமா வாங்க, காத்து மூஞ்சியில அறையுது. இப்பிடி, என்னப் பாத்து நில்லுங்க. பேசுறவ மூஞ்சியப் பாத்துக் கேட்டாத்தான பதில் சொல்ல முடியும்.

யாரு அனுப்புனாங்கன்னா கேக்குறீங்க? எங்கப்பா அனுப்பல. நெட் ரெய்ன் யாரு வாசல்லயும் போயி நிக்க மாட்டாருன்னு உங்களுக்கே தெரியும். முப்பது வருசமா இந்தப் பள்ளத்தாக்குல முயல் புடிக்கிறாரு, ஒரு தடவ பண்ணை கேட்டத் தொறந்து போட்டுட்டு வந்தாருன்னு சொல்லுங்க பாப்போம். நான் எஸ்தர், அவரு மக, நானா வந்தேன். ஈஸ்டர் லீவு. படிக்கிற புள்ளைக்கு இங்க என்ன வேலயா? இந்தக் கேள்வியத்தான் பஸ்ஸுல மூணு பேரு கேட்டாங்க, நீங்க நாலாவது.

சரி, நேரா வர்றேன். பிப்ரவரியில கால்வர்ட் பண்ணையில ரெண்டு செனையாடு கடிபட்டுச் செத்துச்சு. பாவம்தான். கால்வர்ட் அன்னைக்கு அழுதாரு, நானும் பாத்தேன். ஆனா அப்புறம் என்ன நடந்துச்சு? பனியில ஒல்லியா ஏதோ ஒரு நாய் ஓடுச்சுன்னு எவரோ சொன்னாரு. அவ்வளவுதான். சந்தையில டீ டம்ளரக் கையில வச்சுக்கிட்டு நீங்க தீர்ப்பு சொல்லிட்டீங்க, இனிமே முயல் தொரத்துற ஒல்லி லர்ச்சர் நாய் ஒண்ணும் நம்ம நெலத்துல கால் வைக்கக் கூடாதுன்னு. நீங்க சொன்னா மத்தவங்களுக்கு வேதம். அன்னைக்கே எல்லாக் கேட்டும் மூடியாச்சு எங்கப்பாவுக்கு.

ஒல்லியா ஓடுனா லர்ச்சரா? அப்ப என் தம்பிய ரெண்டு தடவ புடிச்சு உள்ள போட்டிருக்கணும். லீட்ஸுலேருந்து வார விடுமுறைக்கு வர்றாங்களே, நாயக் கட்டவுத்து விட்டுட்டு, ஐயோ எங்க தங்கம் ஒண்ணும் பண்ணாதுன்னு சிரிச்சுக்கிட்டு நிப்பாங்களே, அவங்க நாய்ங்கள்ல ஒல்லியே கெடையாதா? நான் அவங்க மேல பழி போடல. எனக்கும் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. தெரியாத ரெண்டு பேருல ஒருத்தருக்கு மட்டும் எப்பிடி தீர்ப்பு சொல்ற தகுதி வந்துச்சுன்னுதான் கேக்குறேன்.

சிரிக்காதீங்க. உங்களுக்கு இது வாய்ப்பேச்சு. எங்களுக்கு ஞாயித்துக்கெழம வந்துருச்சுன்னா முடிஞ்சுச்சு.

சொல்றேன். எங்கப்பாவுக்கு ஒரு கொள்க உண்டு, வேல செய்யப் பொறந்த நாய வேல இல்லாம கட்டிப் போடுறது பாவம்னு. முயல் புடிக்க விட்ட நெலம் எல்லாம் போச்சு, எங்க நாய் டான்சி கொட்டடியில கெடந்து வாலக் கடிச்சுக்கிட்டுக் கெடக்கா. அதப் பாக்க முடியாம, கேக்குற ஒருத்தனுக்குக் குடுத்துடறேன்னு சொல்லிட்டாரு. லிங்கன்ஷயர்க்காரன். ஞாயித்துக்கெழம வந்து கூட்டிட்டுப் போறான். எதுக்குன்னு நீங்களும் நானும் பச்சப்புள்ளைங்க இல்ல. அங்க திருட்டுத்தனமா பெருமுயல் தொரத்த விட்டு எந்த நாய் செயிக்கும்னு பந்தயம் கட்டுறானுங்க. கால் ஒடிஞ்சா பள்ளத்துல தள்ளிட்டு அடுத்த நாய். எங்கப்பாவுக்குத் தெரியாதான்னா, தெரியும். தெரியாத மாதிரி இருக்காரு. வேற ஆளு யாரும் கேக்கல. அதான் வந்தேன். நீங்க ஒருத்தர் வாயத் தொறந்து சரின்னா மத்தவங்களும் தொறப்பாங்க. டான்சிக்கு இங்கயே வேல. இல்லன்னா அவ போறா.

உங்க புல்லுக்காக நான் பேசலைன்னு நெனைக்காதீங்க. இந்த மேட்டப் பாருங்க, இல்ல இல்ல, அந்தப் பக்கம் இல்ல, இதோ ஓடைக்கு மேல. சவரம் பண்ண மாதிரி கெடக்கு. ஏப்ரல்ல புல்லு கணுக்கால் ஒசரம் நிக்கணும். முயல் தின்னுட்டு மிச்சத்துல மூத்தரம் பேஞ்சு வச்சிருக்கு, உங்க ஆடு அத மோந்துகூடப் பாக்காது. இதச் சொல்ல நான் காலேஜுக்குப் போகணுமா என்ன?

ஆமா, டான்சி லர்ச்சர் கலப்புதான். மறைக்கல. ஆத்தாக்காரி அசல் லர்ச்சர், கிரேஹவுண்டு ரத்தம். விட்டா அம்பு. ஆனா அம்புக்கு மூள கெடையாதுல்ல? நேரா போவா, முயலு திரும்புனா அவ திரும்ப மாட்டா. கல்லுக் கரடுல கால் நகம் பிஞ்சு நிப்பா. மூணு ஓட்டம் ஓடுனா நாக்கத் தொங்கப் போட்டுட்டு வண்டிக்கடியில படுத்துக்குவா. அதனாலதான் எங்கப்பா கெல்பிக்குப் போனாரு. கெல்பின்னா ஆஸ்திரேலியாக்காரன் பட்டி நாய். அனல் அடிக்கிற காட்டுல நாள் பூரா மந்தை ஓட்டுறதுக்குன்னே வளத்த சாதி. நார்த்தாலர்ட்டன் பக்கம் ஒரு பண்ணையில இருந்துச்சு ஒண்ணு, செவல. அதுதான் டான்சிக்கு அப்பன்.

காதா? ஆமா, காது குத்திட்டுத்தான் நிக்கும். நரி மாதிரி இருக்கா, லர்ச்சர்னு சொல்லவே கூசுதுன்னு நாய்ப் போட்டியில ஒருத்தர் சொன்னாரு. காதால முயல் புடிக்கிறவரு போல அவரு.

ஓட்டத்துல ஆத்தாளுக்கு முக்காப் பங்குதான், ஒத்துக்கறேன். பெருமுயல வெட்டவெளியில இவ தொட முடியாது. லிங்கன்ஷயர்க்காரனுக்கு அது ஒரு நாள்ல தெரிஞ்சுரும், அப்புறம் இவ கதி என்னங்கறதுதான் எனக்குத் தூக்கத்தக் கெடுக்குது. ஆனா முயல் வளைக்கு ஓடுறப்ப இவ அது பின்னாடி ஓட மாட்டா, வளைக்குப் போயிருவா. அது எங்க வரும்னு இவளுக்குத் தெரியும். மந்தைய மடக்குற புத்தி. உள்ளங்கால் தோலு செருப்பு மாதிரி. ஆலங்கட்டி மழையில காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் நின்னா, ஒரு ஒதறல், காஞ்சுருவா. புடிச்சத உயிரோட கொண்டாந்து கையில குடுப்பா, ஒரு பல்லு பட்டிருக்காது.

கொறை இல்லையான்னு கேளுங்க, சொல்றேன். நெறைய. சொன்னதச் செய்ய மாட்டா, நியாயம்னு பட்டாத்தான் செய்வா. எங்கப்பா வான்னா, இவ நின்னு அவரப் பாத்து, ஏன்னு கேக்குற மாதிரி ஒரு பார்வ பாப்பா. இவளையும் என்னையும் ஒரே வீட்டுல வச்சு எப்பிடிச் சமாளிக்கிறதுன்னு எங்கம்மா பொலம்புவா. போன வருசம் தேவாலயத்துல டீ விருந்து, புல்வெளியில சின்னப் புள்ளைங்க ஓடிக்கிட்டிருந்துச்சு. கேக்கு வெட்டுறதுக்குள்ள அத்தனையும் மந்தையாட்டம் ஒரு மூலையில மடக்கிட்டா. பாதிரியாரையும் சேத்து. கையில தட்டோட நின்னாரு மனுசன், நகர விடல.

ஆங், அதுதான் சரியான கேள்வி. இவ்வளவு நேரத்துல இப்பத்தான் ஒரு வாதம் வச்சீங்க. பாதிப் பட்டி நாய் முழு நாயவிட மோசம், மந்தைய மடக்கணும்கற வெறியும் இருக்கு, எட்டிப் புடிக்கிற வேகமும் இருக்கு, ரெண்டும் சேந்தா ஆட்ட ஓட ஓட வெரட்டியே கொன்னுரும்னு. உண்மைதான். அப்பிடிக் கெட்டுப்போன கலப்பு நாய நானே பாத்திருக்கேன். ஆனா அது ரத்தத்துல மட்டும் வர்றதில்ல. உங்க வழக்கம் என்ன? குட்டி நாய ஒரு தாயாட்டோட கொட்டடியில போட்டு மூடுவீங்க, ஆடு முட்டு முட்டுன்னு முட்டி, வெலா எலும்பு போனாலும் பரவால்ல, பயம் வரட்டும்னு. வருது. பயந்த நாய், ஆடு திரும்பி ஓடுற அன்னைக்கு என்ன செய்யும்? பழி தீத்துக்கும். எங்கப்பா அந்தக் கொட்டடி வேணாம்னுட்டாரு. எங்க அத்த பண்ணையில ஆத்தா செத்த ஆட்டுக்குட்டிங்கள வெதுவெதுப்பா ஒரு பொட்டியில போட்டு வளப்பாங்கள்ல, அந்தப் பொட்டியில டான்சியும் வளந்தா. புட்டிப் பால் சிந்துனா இவ நக்குவா. ஆடுன்னா இவளுக்கு பயமும் கெடையாது, ஆசையும் கெடையாது. கூடப் பொறந்ததுங்க.

அதெல்லாம் கத, கயித்து நடையே இனி கெடையாதுன்னா சொல்றீங்க? அதுக்கும் வர்றேன். புது ஆளு நெலம் கேட்டு வந்தா நாயக் கயித்துல புடிச்சுக்கிட்டு உங்க மந்தை நடுவுல ஒரு சுத்து நடக்கணும், கயிறு விறைக்காம வந்தா கைகுடுப்பீங்க, அதான இந்தப் பள்ளத்தாக்கு வழக்கம். கால்வர்ட் பண்ணைக்கு அப்புறம் அதையும் நிறுத்திட்டீங்க. நிறுத்துனது நல்லதுதான். ஏன் முழிக்கிறீங்க? கயித்துல புடிச்சு நடத்துனா என்ன தெரியும்? கயிறு நல்ல கயிறான்னு தெரியும். புடிச்சவன் கையில பலம் இருக்கான்னு தெரியும். நாயப் பத்தி என்ன தெரியும்? கால்வர்ட் ஆட்டக் கடிச்ச நாய்கூட ஏதோ ஒரு ஊருல ஏதோ ஒரு கயித்துல நல்ல புள்ளையாத்தான் நடந்திருக்கும். எசமான் பக்கத்துல இல்லாம, கயிறு இல்லாம, அதட்ட ஆள் இல்லாம, குட்டி போட்ட ஆடுங்க நடுவுல ஒரு நாய் என்ன செய்யுதோ அதான் அந்த நாய். மனுசனுக்கும் அதே கணக்குத்தான், விடுங்க.

அப்பிடியெல்லாம் எவன் சோதிச்சுப் பாப்பான்னா... சரி. எந்தப் பண்ணைக்காரரும் சம்மதிக்க மாட்டாருதான். ஆட்டு நடுவுல கட்டில்லாத நாயப் பாத்தா சுடுறதுக்குச் சட்டம் இருக்கு, எனக்கும் தெரியும். அதுக்குத் துணிஞ்சு நாய விடுறவளுக்கு ஒண்ணு மண்டையில கோளாறு இருக்கணும், இல்லன்னா அந்த நாயப் பத்தி முழுசாத் தெரிஞ்சிருக்கணும்.

என்ன? நாயக் கொண்டா, பாப்போம்னா சொன்னீங்க? நெசமாவா? அடேயப்பா. இவ்வளவு பேசுனதுக்கு இது போதும் எனக்கு.

ஆனா கொண்டு வரவெல்லாம் வேண்டியதில்ல ஐயா. நீங்க வண்டிய ஓரங்கட்டுனீங்கள்ல, அப்பவே ஒரு கைய அசைச்சேன், டான்சி செவுரத் தாண்டிட்டா. நான் பேச ஆரம்பிச்சதுலேருந்து உங்க முதுகுக்குப் பின்னாடி, தீவனத் தொட்டிப் பக்கத்துல, உங்க ஆடுங்க நடுவுலதான் படுத்திருக்கா. தலையக்கூடத் தூக்கல. மொதல்ல ரெண்டு கருமூஞ்சி தாயாடு எதுக்க வந்து காலத் தட்டி மெரட்டுச்சு, இவ கொட்டாவி விட்டா, அதுங்க புல்லு மேயப் போயிருச்சு. அதான் உங்களத் திரும்ப விடாம இவ்வளவு நேரம் வாயாடுனேன், தப்புன்னா தப்புதான்.

மெதுவாத் திரும்புங்க. சட்டம் உங்க பக்கந்தான், நான் குறுக்க நிக்கல. ஆனா சுடுறதுன்னாலும் சரி, வெரட்டுறதுன்னாலும் சரி, மொதல்ல அந்த மூணு நாள் ஆட்டுக்குட்டிய அவ முதுகு மேலேருந்து எறக்கி விட்டுட்டுச் செய்யுங்க.