கந்தப்பனுக்கு இரவல் கொடுத்த புத்தகம்

புத்தகத்துக்கு அட்டை போடுவதென்றால் பழுப்புத் தாள்தான் சரி. செய்தித்தாள் போட்டால் மை விரலில் ஒட்டும். விரலிலிருந்து பக்கத்துக்குப் போகும். இந்த அலமாரியில் உள்ள அத்தனைக்கும் நானே அட்டை போட்டேன். நீங்கள் கந்தப்பனின் பிரஜாவுரிமை விண்ணப்பத்தைப் பற்றி விசாரிக்க வந்திருக்கிறீர்கள். சொல்கிறேன். ஆனால் புத்தகத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். தொழிற்சங்கத்தில் வேலை பார்க்கும் உங்களுக்கு அது விளங்குமோ என்னவோ.

எனக்குப் பத்து வயதில், ஹட்டனில் மிஷன் பள்ளிக்கூடத்தில், கட்டுரைக்குப் பரிசாக ஒரு கதைப்புத்தகம் தந்தார்கள். 'லியனார்ட்' என்று என் பெயரை முதல் பக்கத்தில் பாதிரியார் எழுதியிருக்கிறார், பாருங்கள். கலங்கரை விளக்கம் காக்கும் ஒரு கிழவனின் கதை. புயலன்று எண்ணெய் தீர்ந்துபோகும். கிழவன் தன் கட்டிலை உடைத்து எரிப்பான், கதவை எரிப்பான், கடைசியில் தன் படகையும் எரித்து வெளிச்சம் காட்டுவான். கப்பல் தப்பிவிடும். படகில்லாத கிழவன் பாறையிலேயே செத்துப்போவான். அதுவரை நான் கடலைப் பார்த்ததில்லை. ஆனாலும் அழுதேன்.

பிறகு எவ்வளவோ படித்தேன். சீமைக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரத் துரையின் சாமான்களோடு ஏலத்துக்கு வந்த ரோமாபுரிச் சரித்திரம், ஆங்கிலத்தில் இரண்டு பாகம், முப்பது வயதில் எனக்கு அதுதான் உயிர். வட்டவளைக்குக் கீழே, நான் ஆசிரியராக இருக்கும் இந்தத் தேயிலைத் தோட்டத்தில் அதைப் பற்றி யாரிடம் பேசுவது? பெரிய கிளாக்கர் குதிரைப் பந்தயப் பக்கம் மட்டும் படிப்பார். லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் தொழிலாளிகளோ தேயிலைப் பெட்டியில் அச்சடித்திருப்பதையே எழுத்துக்கூட்டுவார்கள்.

கந்தப்பன் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவன். எப்படியோ வாசிக்கக் கற்றிருந்தான். ஐம்பத்தோராம் ஆண்டு தொடக்கத்தில் ஒருநாள் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றான்.

"மாஸ்டர், கதை பொஸ்தகம் ஏதாச்சும் இருந்தா குடுங்க. பத்திரமா வச்சிருந்து தந்துர்றேன்."

கிழவனின் கதையைக் கொடுத்தேன். அது என் பலவீனம். குரங்கு கையில் பூமாலை என்பது நான் அறியாத பழமொழி அல்ல.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல், மழையில் லயத்துப் பக்கமாக வந்தேன். கந்தப்பன் வீட்டு வாசலில் கூட்டம். வெற்றிலையும் கைப்பிள்ளைகளும் கோழிகளும் சூழ, நடுவில் உட்கார்ந்து அவன் உரக்க வாசித்துக்கொண்டிருந்தான். நான் நடத்தும் பெரியவர்கள் வகுப்புக்கு ஆறு பேர் வந்தால் அதிசயம். அங்கே நாற்பத்தேழு பேர் இருந்தார்கள். எண்ணினேன். கலங்கரை விளக்கத்தை அவன் 'வெளக்குக் கோபுரம்' என்றான். கிழவனை 'நம்ம பெரியவரு' என்றான்.

கடைசிப் பக்கம் வந்தபோது கொழுந்து பறிக்கும் பூரணி என்பவள் கேட்டாள்: "அந்தப் பெரியவரு செத்துட்டாரா அண்ணே?"

கந்தப்பன் பக்கத்தைப் பார்த்தான். பிறகு புத்தகத்தை மூடினான். "இல்ல தங்கச்சி. பொழச்ச கப்பல்காரங்க திரும்பி வந்து அவர தோள்ல தூக்கிக்கிட்டுப் போனாங்க."

சிரித்தார்கள். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நான் நனைந்தபடி வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் புத்தகம் திரும்பி வந்தது. பதினாலாம் பக்கத்தில் எண்ணெய்க் கறை, ஒரு குழந்தையின் கட்டைவிரல் அளவுக்கு.

"புள்ள கை பட்டுருச்சுங்க, மன்னிச்சிக்கிங்க. முடிவ மட்டும் கொஞ்சம் மாத்திச் சொன்னேன் மாஸ்டர். நம்ம சனங்க தாங்காதுங்க."

பரவாயில்லை என்றேன். அந்த வாரமே பாதையில் கண்ட பூரணி, "கந்தப்பண்ணே வாசிக்கிறத நீங்களும் ஒருநாள் வந்து கேளுங்க மாஸ்டர். அப்பிடிச் சொல்லிக்குடுத்திருந்தா நாங்களும் படிச்சிருப்போம்ல" என்றாள். அதையெல்லாம் நான் மனத்தில் வைத்துக்கொள்ளவில்லை. எண்ணெய்க் கறைதான் காரணம். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

இந்திய வம்சாவளித் தோட்டத்து ஆட்கள் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்கும் தவணை அந்த ஆகஸ்டில் முடிவதாக இருந்தது. நாற்பத்திரண்டு குடும்பங்களுக்கு நான்தான் படிவம் நிரப்பினேன். ஹட்டனுக்குப் போய் நாற்பத்தொன்றைத் தபாலில் சேர்த்தேன். கந்தப்பனுடையதையும் அவன் பிறப்புப் பத்திரத்தையும் இந்த அலமாரியில் வைத்தேன். காகிதத்தைப் பேணத் தெரியாதவனுக்குக் காகிதத்தின் அருமை புரியட்டும் என்று நினைத்தேன். ஓர் ஆசிரியன் நினைக்கக்கூடியதுதான். தவணை முடிந்த மறுநாளே திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றுகூட எண்ணியிருந்தேன்.

மாதம் தவறாமல் வந்து கேட்பான். "நம்ம பேருக்கு ஏதும் வந்துச்சுங்களா மாஸ்டர்?" வரும் என்பேன். ஐந்து வருஷம் கேட்டான்.

ஐம்பத்தாறில் வலப்பனையில் ஒரு கல்யாணத்துக்குப் போனவனைப் பொலிஸ் மறித்தது. விண்ணப்பம் போட்டிருக்கிறேன் என்றிருக்கிறான். கொழும்பில் தேடினால் அப்படி ஒரு விண்ணப்பமே இல்லை. இந்தியாவிலிருந்து களவாக வந்த கள்ளத்தோணி என்று முகாமில் அடைத்தார்கள். அவன் மனைவி வேலாயி கைப்பிள்ளையோடு இங்கே வந்தாள்.

"அவரு பொறந்த பத்திரத்த ஒங்ககிட்டதானே மாஸ்டர் குடுத்தோம். அது இருந்தா விட்டுருவாங்களாம்."

எல்லாம் படிவத்தோடு அப்போதே போய்விட்டது என்றேன். இந்த அலமாரிக்கு முன்னால்தான் நின்றாள். கும்பிட்டுவிட்டுப் போனாள். அடுத்த மாதம் தலைமன்னாரில் அவனை இந்தியாவுக்குக் கப்பலேற்றினார்கள். அவன் அப்பன் பிறந்ததே இந்தத் தோட்டத்தில். அக்கரையில் அவனுக்கு ஒருவரையும் தெரியாது.

இரண்டு வருஷம் கழித்துத் திருச்சிப் பக்கமிருந்து ஒரு கடிதம் வந்தது. கல்லுடைக்கும் இடத்தில் காய்ச்சல் கண்டு கந்தப்பன் இறந்துவிட்டதாக யாரோ எழுதியிருந்தார்கள். ஒரு வரியில் நாலு பிழை. வாசித்துக் காட்ட வேலாயிக்கு என்னை விட்டால் யார்? நிறுத்தி, தெளிவாக வாசித்தேன். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். கடைசி வரியை நான் மாற்றவில்லை.

இதோ பத்திரம். ஒரு மடிப்பு, ஒரு கறை இருக்கிறதா, பாருங்கள். ஒன்பது வருஷம் அவன் வீட்டில் இருந்திருந்தால் இப்படி இருக்குமா?

வாக்குமூலத்தைக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். நாலாவது வரியில் 'பத்திரத்தை ஒழித்தேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். ழகரம் போட்டால் அழித்தேன் என்று பொருள் வரும். ளகரம் போடுங்கள், 'ஒளித்தேன்'. நான் யாரையும் ஒழிக்கவில்லை.