எதனால் பயம்?

"சினிமா பாக்கறதுக்கெல்லாம் ஒரு படிப்பாங் கண்ணு?" என்று பெரியப்பா ஒருமுறை என்னிடம் கேட்டார். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்தவள் நான் ஒருத்திதான்.

கோபியிலிருந்து கோவை வரும் பேருந்தில், முன் இருக்கையில் இரண்டு மாணவிகள்.

"படத்துல அந்தப் பொண்ணு வர்ற சீன் பயமா இருக்குதுன்னு எழுதிப்போட்டேன். எதனாலன்னு கேட்டு மிஸ் திருப்பிக் குடுத்துட்டாங்க. இன்னிக்கு வைவால, நேர்ல கேள்வி கேக்கறப்ப, சொல்லலைன்னா பெயிலு. அப்பா ஊட்டுக்கே கூட்டிட்டுப் போயிருவாரு."

"அழுவாத புள்ள. கேமரா எங்க இருக்குது?"

"கதவுக்கு வெளிய."

"அவ மூஞ்சி?"

"தெரியாது. முதுகு மட்டுந்தான்."

"சத்தம்?"

"மியூசிக்கே இல்ல. மூச்சு வாங்கறது மட்டும் கேக்குது."

"அதத்தான் புள்ள சொல்லோணும்!"

"அய்யோ, இப்பத்தான் நெசமாவே பயமா இருக்குது."

எனக்குந்தான். அதே சினிமா படிப்பில் சேர நேற்றே கையெழுத்துப் போட்டுவிட்டேன்.