சந்தனம் அடைத்த பாஸ்வேர்டு

"நம்ம வீட்டுல யாரும் பள்ளிக்கூடமே போனதில்ல. நீ தொட்டா கம்ப்யூட்டர் கெட்டுத்தான் போகும்" என்று, கம்ப்யூட்டர் வகுப்பில் சேரட்டுமா என நான் கேட்டபோது மாமா சொன்னார்.

நேற்று சிவாஜிநகரில் பஸ் ஏறினேன். முன் சீட்டில் கார்மெண்ட்ஸ் ஆபீஸ் பெண்கள் இருவர்.

"வேலை போச்சுன்னே நினைச்சேன்க்கா. ஆர்டர் லிஸ்ட்டை பாஸ்வேர்டு போட்டுப் பூட்டினது நான்தான். இன்னிக்குத் திறக்கவே இல்ல. மேனேஜர் ஒரே கத்தல்."

"மறந்துட்டியாடி?"

"என் மக பேருக்கா! மறக்குமா?"

"அப்புறம்?"

"ஆயுதபூஜைக்கு கீபோர்டுல வெச்ச சந்தனம் காஞ்சு, அவ பேருல வர்ற ஒரு எழுத்தோட பட்டன் அழுந்தவே இல்ல. ஈரத்துணியால தொடச்சேன், திறந்துடுச்சு."

"சந்தனம் வெச்சது யாரு?"

"கத்தினாரே, அவரேதான்!"

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் என் ஸ்டாப்புக்கு முன்பே அல்சூரில் இறங்கி, கம்ப்யூட்டர் வகுப்பில் பெயர் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.