பிடி ஒடைஞ்ச ஜக்கு

இல்ல சார், மெஷின அணைச்சிராதீங்க. ரெண்டே நிமிஷம். ஒரு கப்புச்சினோ போட்டுக் காட்டிடறேன், அப்புறம் எங்க கூப்பிட்டாலும் வரேன். அக்கா ஜீப்புலதான இருக்கா? இருக்கட்டும். வலது கையா? துணி சுத்தி வச்சிருக்கேன், அப்புறம் காட்டறேன். கீழ கெடக்கற ஜக்க மட்டும் யாரும் தொட வேணாம். நான் இந்த டம்ளர்ல போடறேன்.

இந்தப் பேரு எங்கேர்ந்து வந்துச்சு தெரியுமா? ஏதோ சாமியார் கூட்டமாம், பழுப்பு அங்கி போட்டிருப்பாங்களாம். பால் விட்டா காப்பி அந்த நெறம் வருதுன்னு அவங்க பேர வச்சுட்டாங்க. மச்சான் சொல்வான். அக்கா புருஷன், இந்தக் கடை மொதலாளி, அவனத்தான் சொல்றேன். வர்றவங்ககிட்டல்லாம் சிரிச்சு சிரிச்சு சொல்லிட்டு, உள்ள வந்து அக்கா வயித்துல எத்துவான்.

தூள இப்படி அழுத்தணும். கெட்டியா ஒரு வாய்தான் எறங்கும். மீதி பூரா பாலு. இந்தக் குழாய்ல ஆவி சீறும், முனைய பாலுக்குள்ள விட்டு, ஜக்க உள்ளங்கையில ஏந்திக்கணும். கை பொறுக்காத சூடு வந்ததும் நிறுத்திரணும். தாண்டிச்சுன்னா நொரை செத்துரும். அளக்கறதுக்கு வேற ஒண்ணும் கெடையாது, கைதான்.

என் கைக்குத் தெரியாது சார். போன வருஷம் ஒரு கப்ப ஒடைச்சேன். இதே குழாய்ல என் உள்ளங்கைய வச்சு அழுத்தினான். சத்தமா பத்து வரைக்கும் எண்ணினான். அதுலேர்ந்து அந்தக் கையில சூடும் இல்ல, குளுரும் இல்ல. பாலு பொங்கிரும். பொங்கினா அடி. ஒரு நாள் ஜக்காலயே மண்டையில போட்டான். எனக்கு ஏழு தையல், ஜக்குக்குப் பிடி போச்சு. அந்த மொட்ட ஜக்குலதான் இன்னிக்கு வரைக்கும் வேல.

இன்னிக்குக் காலைல அக்கா ஒரு கப்ப ஒடைச்சுட்டா. முடியப் புடிச்சு இங்க இழுத்துட்டு வந்தான். கைய விரிடின்னான். அவ கத்தல, என்னப் பாத்தா. நான் பால் வச்சிருந்தேன், நிறுத்தல. ஜக்கு அலறுது, பாலு வழிஞ்சு முழங்கை வரைக்கும் ஓடுது. அவன் ஒண்ணுன்னு எண்ண ஆரம்பிச்சான். ரெண்டு சொல்ல அவனுக்கு வாய் இல்ல. மூஞ்சியப் பொத்திக்கிட்டுப் பின்னால சாஞ்சான், மேடை முனை மண்டையில ஏறிருச்சு. அவ்ளோதான், ஆளு போயிட்டான்.

அக்கா என்ன சொன்னா, தான்தான் ஊத்தினேன்னாளா? சின்ன வயசுலேர்ந்து அப்படித்தான் சார். நான் ஒடைக்கறதுக்கெல்லாம் அவ போய் அடி வாங்குவா. எழுதிட்டீங்களா? அத அடிச்சிருங்க.

துணியால ஜக்கப் புடிச்சிருப்பாளான்னா கேக்கறீங்க? துணி எங்கேர்ந்து எடுப்பா, ஒரு கை அவன் புடியில, ஒரு கை முடியக் காப்பாத்திக்கிட்டு இருந்துச்சு. அந்தப் பிடி இல்லாத ஜக்க எடுத்து வச்ச குறிக்கு ஊத்தணும்னா தோலு உரிஞ்சு போயிரும். ஜீப்புக்குப் போய் அவ ரெண்டு கையையும் விரிச்சுப் பாருங்க. ஒரு கொப்புளம் இருக்காது.

இந்தாங்க, என் கை. மொகத்தத் திருப்பாதீங்க சார், நல்லாப் பாத்து எழுதிக்குங்க. எனக்கு வலிக்கல. வலிச்சிருந்தா பாதியிலயே ஜக்கக் கீழ போட்டிருப்பேன்.