வெயிலுக்குக் கழிக்காத எண்

வெயில் ஏற ஏற ஜெட் இன்ஜினுக்கும் சோம்பல் வந்துவிடும். சூடான காற்று மெலிந்த காற்று; எவ்வளவு விழுங்கினாலும் இன்ஜினுக்குப் பசி அடங்காது. உந்துவிசை குறையும். போர் விமானமானாலும் இதே கதிதான். எவ்வளவு குறையும் என்று மதிப்பிடுவது என் வேலை.

சோதனை மேடையில் இன்ஜினை ஓட்டி அளப்போம். ஒன்றோடொன்று ஒப்பிட வசதியாக, அளந்ததைக் குளிர்ந்த நாளின் கணக்குக்கு மாற்றி வைப்போம். விமானம் பறக்கும் நாளில், அன்றைய வெயிலுக்கு அதிலிருந்து கழிக்க வேண்டும். எங்கள் அறையில் அதை 'இறக்குவது' என்போம். இறக்காத எண் கல்யாணத் தரகர் சொல்லும் சம்பளம் மாதிரி. கேட்க நன்றாக இருக்கும்.

எங்கள் பிரிவுத் தலைவருக்கு நான் 'லாரி'. அப்பா லாரி ஓட்டுகிறவர். வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான்.

"ஏ லாரி, உங்கப்பா வண்டி எவ்வளவு இழுக்கும்னு கேட்டுட்டு வா. அதையும் சேத்துக்கலாம்" என்பார். அறை சிரிக்கும். பிறகு நான் போட்ட எண்ணைக் கூட்டத்தில் தன் எண்ணாக வாசிப்பார். எப்படி வந்தது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

ஒருமுறை, நான் மறந்துவிட்டுப் போன கண்ணாடியை அப்பா அலுவலக வாசலுக்குக் கொண்டுவந்தார். தலைவர் அவர் கையில் கார் சாவியைத் திணித்து, "நிழல்ல போடுப்பா" என்றார். அப்பா போட்டார். வீட்டுக்கு வந்து, "நல்ல மனுஷம்மா. சாவிய நம்பிக் குடுத்தாரு" என்றார்.

அன்றைக்கு முடிவு செய்தேன்.

கோடை மதியத்தில், குட்டை ஓடுபாதையில், முழுச் சுமையோடு விமானத்தை ஏற்றிக் காட்டுவதாகப் பெரிய அதிகாரிகளிடம் தலைவர் வாக்குக் கொடுத்திருந்தார். இறக்காத எண்ணை அவரிடம் நீட்டினேன். முகம் மலர்ந்து வாங்கிக்கொண்டார். விமானம் கிளம்ப முடியாமல் ஓடுபாதைக் கோடியில் இருக்கும் தடுப்பு வலையில் போய் நிற்கும், எல்லார் முன்னாலும் அவர் தலை குனியும். அவ்வளவுதான் நான் விரும்பியது. வலையைப் பழுதுபார்க்கக் கழற்றியிருந்தார்கள். அது எனக்குக் காலையிலேயே தெரியும்.

சோதனை விமானி, வழக்கம்போல, ஏறுமுன் என் மேசைக்கு வந்தார். எண் யாருடையது என்று அவருக்குத் தெரியும்.

"தங்கச்சி, நம்பி ஏறலாமா?"

"ஏறுங்கண்ணே."

"வெயிலுக்குக் கழிச்சிட்டியா?"

"கழிச்சாச்சு."

"நீ சொன்னா சரி. அந்த ஆளு சொல்லியிருந்தா பாராசூட்ட ஒருதடவ தடவிப் பாத்திருப்பேன்" என்று சிரித்துக்கொண்டே போனார்.

ஓடுபாதைக்கு அப்பால் ஒரு சுவர் இருந்தது. மீதியை நீங்களே பார்த்தீர்கள்.

விசாரணையில் தலைவர் எழுந்து, "இது முழுக்க அந்தப் பொண்ணு போட்ட கணக்கு" என்றார். எத்தனை வருஷம் காத்திருந்த வார்த்தை. உடனே எழுந்து நின்றேன்.

விமானி மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. கணக்கு என்னுடையது என்று நம்பியவர் அவர் ஒருவர்தான். நம்பியதால்தான் ஏறினார்.

எழுதிக்கொள்ளுங்கள். எண் என்னுடையது, இறக்காமல் விட்டதும் நான். கையெழுத்தும் போடுகிறேன். ஒன்றே ஒன்று: தலைவர் பெயரை இதில் எங்கேயும் சேர்க்காதீர்கள்.