ஞானேந்திரனின் ரொக்கெட்டுக்கு நான் தெரிவு செய்த பற்றரி

பற்றரி வாங்கும்போது ஆட்கள் வோல்ட்டை மட்டும்தான் பார்க்கிறார்கள். அதுதான் பிழை. அஜிதா, இதை இன்ஸ்பெக்டருக்கு அப்படியே பிரெஞ்சில் சொல்லுங்கள். தீயணைப்புக்காரர், அவருக்கு விளங்கும். அவர் புகை அலாரத்தைப் பற்றித்தான் கேட்டார், அதற்குத்தான் வருகிறேன்.

மாதிரி ரொக்கெட்டின் மோட்டருக்குள் ஒரு மெல்லிய கம்பி வைப்போம். பட்டனை அழுத்தினால் கரண்ட் பாய்ந்து கம்பி பழுத்து, மோட்டரிலுள்ள மருந்தைப் பற்றவைக்க வேண்டும். களைத்த பற்றரி மீட்டரில் வோல்ட்டைக் காட்டும், வேலை என்று வந்தால் படுத்துவிடும். எங்கள் தமிழ் ரொக்கெட் குழுவில் இது தெரிந்தவன் நான் ஒருவன்தான். யாருக்கு எந்த மோட்டர், எந்தப் பற்றரி என்று என்னிடம்தான் கேட்பார்கள். "இரவி அண்ணை சொன்னால் சரி" என்பார்கள்.

எங்கள் ஆட்களுக்கு எந்த விழா என்றாலும் குத்துவிளக்கு ஏற்ற ஒரு பெரிய மனிதர் வேண்டும். வயல் காற்றுக்கு விளக்கு நிற்காது என்பதால், அந்த மரியாதையை முதல் ரொக்கெட்டை ஏவும் பட்டனுக்கு மாற்றினோம். யோசனை என்னுடையது. இந்த வருடம் அந்தப் பட்டனை ஞானேந்திரனுக்குக் கொடுத்தார்கள். அவர் பல் வைத்தியர், நாங்கள் இருக்கும் நோத்ர-டாம்-த-கிரேஸில் என் மேல்வீட்டுக்காரர், நல்ல மனிதர். மோட்டரில் எந்தப் பக்கம் மேல் என்று தெரியாது. எனக்கு வயிறு எரிந்தது. அதை ஏன் மறைப்பான்?

அவரைச் சனத்துக்கு முன்னால் கொஞ்சம் அசடு வழிய விட்டு, பிறகு நானே போய் ஏவுவதென்று முடிவெடுத்தேன். அவருக்காக மூன்று மோட்டர் பூட்டும் ரொக்கெட்டாகப் பார்த்துத் தெரிவு செய்தேன். மூன்று கம்பி பழுக்க நிறையக் கரண்ட் வேண்டும். இனி ஒரு களைத்த பற்றரிதான் தேவை. மூலைக்கடைத் தெப்பனரில் எல்லாம் புதிதாகத்தான் விற்கிறார்கள்.

தெய்வாதீனமாக அந்தக் கிழமை ஞானேந்திரனின் மனைவி தாட்சாயினி கூப்பிட்டாள்.

"அண்ணை, உந்தப் புகை அலாரம் இரவு பகலாக் கீச்சுக் கீச்செண்டு கத்துது. ஒருக்கால் வந்து பாருங்கோவன்."

அப்படிக் கத்தினால் பற்றரி களைத்துவிட்டது என்று அர்த்தம். ஏணி வைத்துக் கழற்றினேன்.

"புதுசு போடேல்லையோ?"

"பேந்து போட்டுவிடுறன், தங்கச்சி. சத்தம் நிண்டுட்டுதுதானே."

"ஓம் அண்ணை, பெரிய உதவி" என்று தேத்தண்ணி தந்தாள். வீட்டுக்கு வந்து, அந்தப் பற்றரியை அவள் புருஷனுக்கென்று வைத்திருந்த பட்டன் பெட்டிக்குள் போட்டேன்.

உன் வீட்டு அலாரத்திலிருந்து எடுத்திருக்கலாமே என்று இன்ஸ்பெக்டர் கேட்கிறார். என் வீட்டில் சிவாஜினி சமைக்கிறாள். கட்டின மனைவியைப் பாதுகாப்பில்லாமல் விடலாமா?

விழா அன்று சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ வயலில் நல்ல சனம். ஞானேந்திரன் பட்டு வேட்டியோடு வந்து, கும்பிட்டு, பட்டனை அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு, விளக்கின் அடுத்த திரிக்கு ஆள் கூப்பிடுவதுபோல, செயலாளர் யோசெப்பினில் தொடங்கி ஒவ்வொருவராக வந்து அழுத்தினார்கள். ஞானேந்திரனின் முகம் செத்துவிட்டது. பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் எனக்குச் சந்தோஷம். காரிலிருந்து பெரிய பற்றரியைத் தூக்கி வந்து, "விலத்துங்கோ, நான் பாக்கிறன்" என்றேன். சனம் கைதட்டத் தொடங்கியது.

அப்போதுதான் ஞானேந்திரனின் போன் அடித்தது. தாட்சாயினி விழாவுக்கு வடை சுட எண்ணெயை அடுப்பில் வைத்துவிட்டு, தலையிடி என்று கட்டிலில் சரிந்து படுத்திருக்கிறாள். குசினி தீப்பற்றி வீடெல்லாம் புகை. கட்டடம் பார்க்கும் வின்சன்ட் கதவை உடைத்து அவளைத் தூக்கி வந்திருக்கிறான். அலாரம் ஏன் அடிக்கவில்லை என்ற கேள்விக்குப் பதில் இதுதான்: பற்றரி அதில் இல்லை. வயலில், அவள் புருஷனின் கையில் இருந்தது. நான்தான் கழற்றினேன், நான்தான் கொடுத்தேன்.

ஆள் தப்பிவிட்டாள், இருமல்தான் நிற்கவில்லையாம். நான் ஒருவருக்கும் கெடுதல் நினைக்கிறவன் இல்லை.

ஆனால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள். போன் வந்ததும் எல்லாரும் காரில் ஏறிப் போய்விட்டார்கள். சிவாஜினிகூட. நான் தனியே பற்றரியைப் பூட்டிப் பட்டனை அழுத்தினேன். மூன்று மோட்டரும் ஒன்றாகப் பற்றின. அப்படி நேராக ஏறிய ரொக்கெட்டை நான் கண்டதேயில்லை. மேலே பாரசூட்டும் அழகாக விரிந்தது. திரும்பிப் பார்த்தால் வயலில் ஈ காக்கை இல்லை. எனக்கு நடந்த இந்த அநியாயத்தை எந்த இலாகாவில் முறையிட வேண்டும் என்று, அஜிதா, அவரிடம் கேட்டுச் சொல்லுங்கள்.