தாழ்வாகக் கொட்டிய மண்

மந்தைவெளியில் ரயில் கிளம்பியது. என் எதிரே, பரிசோதனைக்கான மண் பொட்டலங்களை மடியில் வைத்திருந்த பெண்ணிடம் பக்கத்தில் இருந்த நடுவயதுக்காரர் சொன்னார்:

“உங்கள மனசுக்குள்ள ரொம்பத் திட்டினேன் மேடம்.”

“வெளியிலயும்தான் திட்டினீங்கண்ணா. கேட்டுச்சு.”

“பின்ன? நிலக்கரிக்குத் தோண்டறப்ப மேல்மண்ணை ஒரே மலையா கொட்ட விடல. இடுப்பு உயரத்துக்கு மேல கூடாதுன்னு எங்க லாரிய அலையவிட்டீங்க. அதுமேல உரத்துக்குன்னு சணப்புச் செடி வேற வெதச்சீங்க.”

“உயரமாக் கொட்டினா அடியில இருக்கற மண்ணு காத்தில்லாம செத்துடும்ணா.”

“இப்பப் புரியுது. குழிய மூடி அந்த மண்ணப் பரப்பினோமே, உளுந்து முளைச்சிருக்கு. அது எங்கப்பாகிட்டேருந்து சுரங்கத்துக்கு எடுத்த நிலம் மேடம். கூட்டிட்டுப் போய்க் காட்டினேன்.”

“என்ன சொன்னாரு?”

“செருப்பக் கழட்டிட்டு உள்ள எறங்கிட்டாரு.”